பெரிய டிஸ்க்

லேப்டாப்புக்குள் அந்தச் சத்தம் முதன்முதலில் கேட்டது ஒரு மத்தியான நேரத்தில். சின்னதாக ஒரு தட்டல். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் இரண்டு தட்டல். மூடிய பெட்டிக்குள்ளே இருந்து யாரோ விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணம் அப்படியே உறைந்து நின்றது. மாப்பிள்ளையின் கை பாதி வழியில் நிற்க, பெண் கண்ணை மூடியபடி இருந்தாள். தட்டல் நின்றதும் கை நகர்ந்தது, பெண்ணும் கண்ணைத் திறந்தாள்.

நாங்கள் அப்போது வலியசாலைக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் வீடியோ எடுப்பவர். கல்யாணம், ஞானஸ்நானம், புதுவீட்டு ஜெபம், அடக்கம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். நெய்யாற்றின்கரை, பாறசாலை, எல்லையை ஒட்டிய ஊர்களில் இருக்கிற எங்கள் சபைக்காரத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகமும் கூப்பிடும். அவர் எடுத்து வருவதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, டிவிடியாக்கிக் கொடுப்பது என் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டூடியோவில் இருந்தபோது கற்றுக்கொண்டது அது. வளைகுடாவிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய லேப்டாப் ஒன்றுதான் எங்கள் தொழிலுக்கு மூலதனம்.

அடக்கத்துக்கு வீடியோ எடுப்பதைக் கேட்டு வடக்கேயிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம். மகன் மஸ்கட்டில் இருப்பான், மகள் குவைத்தில் நர்ஸாக இருப்பாள். விடுப்பு கிடைக்காது. அப்பாவின் முகத்தை அவர்கள் கடைசியாகப் பார்ப்பது அந்த டிவிடியில்தான். அடக்க வீடியோக்களை நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்டுவேன்.

கேமராவில் போடுவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட். எடுத்ததை லேப்டாப்பில் இறக்கியதும் அதே கேசட்டை அடுத்த நிகழ்ச்சிக்கும் பயன்படுத்துவோம். ஆனால் அடக்கம் எடுத்த கேசட்டில் கல்யாணத்தை எடுக்க அவருக்கு மனசு வராது. அதில் மையால் ஒரு சிலுவைக்குறி போட்டுத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் சாவுகள் கேசட்டில் பத்திரமாக இருந்தன. கல்யாணங்களுக்கு லேப்டாப்பின் டிஸ்க்கை விட்டால் வேறு இடம் கிடையாது.

தட்டல் ஆரம்பித்த பிறகு நான் தூங்கவே பயந்தேன். அடுத்த நாளே இரண்டு பேருமாக லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு பழவங்காடிக்குப் போனோம். பிள்ளையார் கோயிலை அடுத்த வரிசையில், குறுகிய படி ஏறிப் போனால் ஒரு கம்ப்யூட்டர் கடை. கீழே தேங்காய் உடைகிற சத்தம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கடைக்காரர் மலையாளி, எங்கள் வயதுதான் இருக்கும். லேப்டாப்பை ஓடவிட்டு, காதை அதன்மேல் வைத்துக் கேட்டார். நெஞ்சில் காது வைத்துக் கேட்கிற டாக்டரைப் பார்ப்பதுபோல நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது போகும் சேச்சி. இன்னைக்கோ நாளைக்கோ, சொல்ல முடியாது. ஓடிட்டிருக்கும்போதே காப்பி பண்ணிடணும்."

"புதுசு கிடைக்குமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"அதாணு பிரஷ்னம். இதுக்குப் பழைய பின். இப்ப வர்றதெல்லாம் வேற பின், இதில கேறாது. இந்த வகை எங்கிட்ட ரெண்டே ரெண்டு இருக்கு."

அலமாரியைத் திறந்து இரண்டையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். இரண்டும் உள்ளங்கை அளவு. ஒரே நீளம், ஒரே கனம், ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி ஊசிகள். ஒன்று எண்பது ஜிபி, மற்றது நூற்றறுபது. எண்பதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்ததற்கு அதுவே இரண்டு மடங்கு.

"இது போதும்" என்றேன்.

"என்னத்துக்குப் போதும்?" என்றார் வீட்டுக்காரர். "ஒரு கல்யாணம் இறக்கினா கால்வாசி நிறைஞ்சிரும். ரெண்டும் ஒரே உடம்புதானே? பெருசு இருக்கும்போ சின்னத எடுக்கவா?"

"இந்த மெஷினு பழசு. அவ்வளவு பெருசு இதுக்குத் தாங்குமாக்கும்?"

கடைக்காரரைப் பார்த்துத்தான் கேட்டேன். அவர் இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊசிகளைக் காட்டினார். "பின் ஒண்ணுதானே சேச்சி. எடுக்கும்."

அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். நானும் மேற்கொண்டு பேசவில்லை. ஏன் சின்னதுதான் வேண்டும் என்று தோன்றியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரியதைக் கையில் வாங்கியபோது அது குளிர்ந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஏசி போட்ட கடையில் இரண்டுமே குளிர்ந்துதான் இருந்திருக்கும்.

பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே, பழைய விண்டோஸ் உட்பட, புதியதில் ஏற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நூற்றறுபது ஜிபியை அது முழுதாகக் காட்டவில்லை. ஒரு பகுதி குறைந்தது. கம்பெனிக் கணக்குக்கும் கம்ப்யூட்டர் கணக்குக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதைவிட அதிகம். இவருக்குப் பொறுக்கவில்லை. "புது வீட்டுல ஒரு அறையைப் பூட்டி வச்சிட்டுச் சாவி தராத கதையால்ல இருக்கு" என்று இரண்டு நாள் புலம்பினார்.

என் கொழுந்தன், அவருடைய தம்பி, கழக்கூட்டம் பக்கம் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். சனிக்கிழமை வந்து பார்த்தான்.

"இடம் இருக்கு மைனி. இந்த மெஷினு காட்டமாட்டேங்குது, அவ்வளவுதான். நான் டிஸ்க்கைக் கழட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுத் திறந்து தாறேன்."

"அது காட்டாதத நாம எதுக்குடே திறக்கணும்?"

விளையாட்டாகத்தான் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமை கொண்டுபோய் செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொண்டுவந்தான். மூடிக் கிடந்த இடமும் இப்போது கணக்கில் வந்திருந்தது.

ஏற்றிவந்த பழைய கல்யாணங்களை முடித்துக் கொடுத்து அழித்தபின், காலியான அந்த முன்பகுதியில் நான் முதலில் இறக்கியது பாறசாலைப் பக்கத்துக் கல்யாணம் ஒன்று. மாப்பிள்ளை வீட்டில் அம்மா, மகன், கட்டிக்கொடுத்த ஒரு மகள். அப்பா இல்லை. பெண் மார்த்தாண்டத்துக்காரி, ரொம்பச் சின்னப் பிள்ளை. ஆலயத்தில் நடந்த சடங்கு இரண்டு கேசட், விருந்து ஒரு கேசட். பாட்டு எது வேண்டும் என்று சொல்லாமல் அவர்கள் நாளைக் கடத்தினார்கள். அப்படிக் கிடப்பது எங்கள் தொழிலில் சாதாரணம். ஆலயத்துக் கேசட்டுகள் இரண்டும் வேறு வேலைக்குப் போய்விட்டன.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. கல்யாணம் குறைந்து அடக்கம் கூடிய வருஷம் அது. இவர் நனைந்த காலோடு வருவார், கேசட்டைக் கொடுப்பார், நான் இறக்குவேன். டிஸ்க் நிறைந்துகொண்டே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெரியவருடைய அடக்கம் வந்தது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் செம்மண் சரிவு, கறுப்புக் குடைகள், பெட்டியின் ஓரத்தில் வெள்ளைத் துணி. பெரியவரின் தலைமாட்டில் ஒரு பெண் குனிந்து நின்றாள். மூடியிருந்த அந்த இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று எனக்கு அப்போது தெரியாது. லேப்டாப்பும் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் பாறசாலைக் குடும்பத்திலிருந்து போன் வந்தது. மகனுக்கு ஷார்ஜாவில் வேலைக்கு விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது, போவதற்குள் கல்யாண வீடியோ வேண்டும் என்றார்கள். வந்து ஒருமுறை பார்த்து, பாட்டையும் சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன்.

அம்மா, மகன், மருமகள் மூன்று பேரும் மழைக்கோட்டு சொட்டச் சொட்டப் படியேறி வந்தார்கள். அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, கையில் சின்ன வேதாகமம். வாய் பேசிக்கொண்டே இருந்தாலும் கண் நிதானமாக எல்லாவற்றையும் பார்க்கும். லேப்டாப்பை டிவியில் இணைத்துக் கல்யாணத்தை ஓடவிட்டேன். பெண் நடந்து வருவதைப் பார்த்து மகன் சிரித்தான், மருமகள் அவன் தொடையில் தட்டினாள். அம்மாவும் சிரித்தார். போதகர் தாலியைத் தட்டில் வைத்து ஜெபிக்கிற இடம் வந்தது.

முதலில் போதகரின் தோள் கட்டம் கட்டமாக உடைந்தது. பிறகு திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். சத்தம் துணி கிழிகிற மாதிரி இரைந்தது. சில சதுரங்களில் கல்யாணம் இருந்தது, சிலவற்றில் வேறு என்னவோ. ஒரு கட்டத்தில் பெண்ணின் நெற்றிச் சுட்டி, அதன் பக்கத்துக் கட்டத்தில் கறுப்புக் குடையின் கம்பி. போதகரின் கைக்குக் கீழே வெள்ளைத் துணி. மேல் மூலையில் யாருடையதோ படுத்திருக்கிற முகத்தின் ஒரு துண்டு.

எழுந்து ஓடிப்போய் நிறுத்தினேன்.

"மெஷினுல ஏதோ கோளாறு அம்மா. நான் சரியாக்கி..."

"நிறுத்தாத மக்ளே" என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "திரும்பப் போடு."

"வேண்டாம்மா, இது..."

"போடு."

பின்னால் தள்ளிப் போட்டேன். அதே இடத்தில் அதே சதுரங்கள். அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றார். மூன்றாம் தடவையும் போடச் சொன்னார். கையை நீட்டி அந்த மேல் மூலையைத் தொட்டார். பிறகு வேதாகமத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "போலாம்" என்று மட்டும் சொன்னார். நான் போட்டு வைத்த சாயாவை யாரும் தொடவில்லை. படி இறங்கும்போது மகனிடம் சொன்னது எனக்கு மேலே நின்றே கேட்டது.

"நீ போவண்டாம்."

மறுநாள் காலையில் லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது, அவ்வளவுதான். கொழுந்தனுக்குப் போன் போட்டேன். வந்து டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனான். இரண்டு நாள் கழித்து வந்தவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"மைனி, தப்பு நடந்து போச்சு. ஆபீஸ்ல ஒருத்தர்ட்ட கேட்டேன். இந்தப் பழைய விண்டோஸுக்கு ஒரு எண்ணுக்குமேல எண்ணத் தெரியாது. டிஸ்க்குல அந்த எண்ணைத் தாண்டி எழுதச் சொன்னா, திரும்பவும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சு எழுதும். முதல்ல எழுதினதுக்கு மேலேயே எழுதும். எழுதிட்டு எல்லாம் சரின்னும் சொல்லும்."

"அப்போ அது குறைச்சுக் காட்டினது..."

"அவ்வளவுதான் அதுக்குத் தெரியும், அதான். நான் பலவந்தமாத் திறந்து விட்டுட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியது வேண்டும் என்று சொன்னது அவர். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பெரியவரின் அடக்கம் போய்க் கல்யாணத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பெரியவரின் கேசட் சிலுவைக்குறியோடு டப்பாவில் இருந்தது. கல்யாணத்தில் விருந்துச் சாப்பாடு மட்டும் மிச்சம்.

இதை எப்படி அந்தக் குடும்பத்திடம் சொல்வது என்று நாங்கள் தவித்துக்கொண்டிருக்கும்போதே அந்த மருமகள் தனியாக வந்து நின்றாள். பஸ்ஸில் கிழக்கேகோட்டையில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறாள். வீடியோவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அக்கா, அத்தை அன்னைக்குலேருந்து உபவாசம். சபைப் பொம்பளையள் எல்லாம் வந்து உக்காந்து ஜெபிக்காவ. ஆண்டவர் ஒரு முகத்தக் காட்டினாராம். யாருக்க முகம்னு சொல்லமாட்டேங்காவ. அவரைப் போவவிடமாட்டேன்னு டிக்கெட்டை வாங்கிப் பெட்டியில வச்சுப் பூட்டியாச்சு."

"உன் மாப்பிள்ளை என்ன சொல்லுகார்?"

"அவருக்குப் போவணும். ஆனா பயந்துட்டார். ராத்திரி எந்திரிச்சு உக்காந்துருக்கார்." சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்தப் பொம்பளையள் என்னைப் பாக்குற பார்வை சரியில்ல அக்கா. தாலிய ஜெபிக்கிற நேரம் பாத்து வந்துதே, அதுக்கு. நீங்க வந்து மெஷினுக்க கோளாறுன்னு சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

அவள் போன பிறகு இவர் என்னிடம் சொன்னார். "இஞ்ச பாரு. கோளாறைப் பத்திச் சொல்லிக்கோ. ஆனா அவனைப் போகச் சொல்லி நீ ஒரு வார்த்தை சொல்லாத. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அது உன் தலையிலதான் வரும்."

அதுவரை நான் அப்படி யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு அதைத் தவிர வேறொன்றும் யோசிக்க முடியவில்லை. கோளாறு என்று நான் அவர்களை நம்பவைத்தால் அவன் போவான். போனால், போன இடத்தில் நடப்பதெல்லாம் என் சொல்லுக்குப் பின்னால் நடப்பது. நம்பவைக்காமல் விட்டால் அந்தப் பெண் அந்த வீட்டில் என்ன ஆவாள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கொழுந்தனையும் கூட்டிக்கொண்டு பாறசாலைக்குப் போனேன். பையில் கேமராவும் சிலுவைக்குறி போட்ட கேசட்டும் இருந்தன. இன்னொரு வீட்டு அடக்கத்தை இவர்களுக்குக் காட்டுவது முறையில்லைதான். ஆனால் முகம் யாருடையது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

வீட்டில் ஜெபத்துக்கு வந்த ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தரையில் விரித்த பாய்கள் சுருட்டாமல் கிடந்தன. அம்மா மெலிந்து, உதடு வெடித்து, சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் ஒரு காகிதத்தில் கோடு போட்டுப் பொறுமையாக விளக்கினான். எண்ணத் தெரியாத இடம், திரும்பி வருவது, மேலேயே எழுதுவது, எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தம்பி சொல்லுகது சரியாத்தான் இருக்கும்" என்றார். "மெஷினு அப்படித்தான் எழுதும். ஆனா எனக்க மொவன் கல்யாணத்துல எதுக்கு எழுதணும்? உங்க வீட்டுல எத்தனையோ கல்யாணம் இருக்கும்லா?"

"இதுதான்மா முதல்ல இருந்தது. அதனால..."

"முதல்ல எதுக்கு இருக்கணும்?"

கொழுந்தன் காகிதத்தை மடித்துவிட்டான். நான் கேமராவை அவர்கள் டிவியில் செருகினேன்.

"அம்மா, நீங்க பாத்த முகம் இதாக்கும். பக்கத்து ஊருல ஒரு பெரியவர். வயசாகி, எல்லாப் பிள்ளைகளையும் பாத்துட்டுப் போனவர். இதத்தான் அந்த மெஷினு கலந்து காட்டிச்சு."

செம்மண் சரிவு வந்தது. குடைகள் வந்தன. வெள்ளைத் துணி, குனிந்து நின்ற பெண், பெரியவரின் முகம். அந்த இடத்தில் நிறுத்தினேன். மகனும் மருமகளும் அம்மாவையே பார்த்தார்கள். அம்மா சுவரைப் பிடித்து எழுந்து வந்து, அன்று குனிந்ததுபோலவே குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"குடை இதுதான்" என்றார். "துணியும் இதுதான்."

எனக்குப் பாரம் இறங்கியது.

"இவரில்ல."

"அம்மா..."

"இவரில்ல மக்ளே. நான் பாத்தது இந்த முகமில்ல."

"பின்ன யாரும்மா?" என்றான் மகன். அவர் அவனைப் பார்க்கவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. கீழே கிடந்த பாயை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். வெளியே ரப்பர் இலைகளில் மழை பிடித்துக்கொண்டது.

நான் கேமராவைப் பையில் வைத்தேன். மகன் வாசல்வரை வந்து, "அக்கா, நீங்க என்ன சொல்லுகிய? போலாமா?" என்று நேராகக் கேட்டுவிட்டான். என் வீட்டுக்காரர் சொன்னது காதில் இருந்தது. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தது.

"அந்தக் கல்யாணத்துக்கு மேல வேற யாருக்க முகமும் எழுதல்ல" என்றேன். "எனக்கு அது மட்டும்தான் தெரியும்."

அவன் போனான். பெட்டியை உடைத்து டிக்கெட்டை எடுத்ததாகவும், அம்மா தடுக்கவில்லை, விமான நிலையத்துக்கு மட்டும் வரவில்லை என்றும் அந்தப் பெண் போனில் சொன்னாள். விமானம் இறங்கியிருக்கும் என்று கணக்கிட்ட நேரம் தாண்டும்வரை நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டே இருந்தேன்.

மறுபடியும் டிஸ்க் வாங்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை நான் தனியாகப் போனேன். கீழே தேங்காய்ச் சில்லுகளில் வழுக்காமல் நடந்து படியேறினேன். அந்த எண்பது இன்னும் விற்காமல் இருந்தது. கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் இது கேட்டதே இல்ல சேச்சி. பின் ஒண்ணுதானேன்னு..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய டிஸ்க்கை ஓடவிட்டுச் சோதித்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. வேறு நல்ல கம்ப்யூட்டரில் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும் என்றார். எனக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. கொழுந்தன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தன் ஆபீஸ் நண்பருக்குக் கொடுத்துவிட்டான். எண்பதில் புது விண்டோஸ் ஏற்றி, கேசட்டை ஒருமுறைக்குமேல் பயன்படுத்துவதையும் நிறுத்தினோம். கையில் நிற்கிற காசு குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் நான் டிஸ்க்கில் முதலாவதாக இருக்கிற வீடியோவைத் திறந்து கொஞ்சம் ஓடவிட்டுப் பார்ப்பேன். இவர் அதைக் கண்டும் காணாததுபோல இருப்பார்.

அந்தக் குடும்பத்துக்கு விருந்து வீடியோவை மட்டும் கொடுத்தோம். மருமகள் அவ்வப்போது போன் செய்வாள். வெள்ளிக்கிழமைகளில் மகனுடைய அழைப்பு வரும்வரை அத்தை போன் பக்கத்திலிருந்து நகர மாட்டார், தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்றாள். அவளுக்கும் விசா வந்தபோது அத்தை அனுப்பவில்லை. மகன் வந்து கூட்டிப்போகட்டும் என்றார்.

இரண்டு வருஷம் கழித்து அவன் விடுப்பில் வந்தான். உடம்பு பூசி, நன்றாக இருந்தான். வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள், எங்களையும் அழைத்தார்கள். அம்மாவே என் கையைப் பிடித்து அடுக்களைக்குக் கூட்டிப்போய்ச் சாயா கொடுத்தார். சண்டை ஒன்றும் இல்லாத முகம். எனக்குத் தைரியம் வந்தது.

"பாத்தியளா அம்மா, ஒண்ணும் ஆகல்லியே. நல்லபடியா வந்துட்டார்."

அவர் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கழியல்ல மக்ளே" என்றார்.

"இப்பமாவது சொல்லக்கூடாதா? யாருக்க முகம்?"

"சொன்னா உறுதியாப் போவும்."

பால் பொங்கி வந்தது. அவர் அடுப்பை அணைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். நாள் சொல்லாத ஒரு காரியம் பொய்த்துப் போகவே முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரண்டு பேரும் ஒரே விமானத்தில் போகக் கூடாது என்று அவர் பிடித்த பிடிவாதத்தால், அந்தப் பெண் ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போனாள். அங்கே போனபின் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. அந்தச் செய்தியைச் சொல்ல அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? அத்தை தினமும் காலையில எங்க பேரெல்லாம் சொல்லி ஜெபிப்பாங்கள்லா, அதுல உங்க பேரும் உண்டு. அந்த வீடியோ பாத்த மறுநாளே சேத்துட்டாங்க. எங்க எல்லாருக்கும் முன்ன உங்க பேரைத்தான் சொல்லுவாங்க. நானும் ஏன்னு கேட்டுப் பாத்தேன், பதில் சொல்லல்ல."

அந்த முகம் என்னுடையதாக இருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இவரிடம் சொன்னேன். "நல்லதுதானே. ஜெபத்துல சேத்துருக்காங்க" என்றார். ஆனால் கேமரா வயரைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

போய்க் கேட்டிருக்கலாம். ஒரு பஸ் தூரம்தான். ஒவ்வொரு முறை புறப்பட நினைக்கும்போதும் அடுக்களையில் அவர் சொன்னது நினைவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த மழைக்காலத்தில் அந்த அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். மகனுக்கு விடுப்புக் கிடைத்தது, குடும்பத்தோடு வந்துவிட்டான். வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நான் மட்டும் அடக்கத்துக்குப் போனேன். அவருடைய கட்டிக்கொடுத்த மகள் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதாள். பெட்டியை மூடுமுன் எல்லாரும் வரிசையாகப் போய் முகத்தைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். இனி கேட்க ஆளில்லை என்பதில் அந்த நேரம் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. திரும்பி வரும்போது, பஸ் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது; அது என் முகமில்லை என்று சொல்லவும் இனி ஆளில்லை. ஜன்னல் ஓரத்து இருக்கை காலியாக இருந்தும், ஓரம் பத்திரமில்லை என்று நான் நடுவில் போய் உட்கார்ந்தேன்.